1952-ன் நிலாக் கப்பலை 1/250-ல் கட்டலாமா? அளவு, கோளங்கள், கம்பிச் சட்டகம்

#1 கம்பிவேலை

அமெரிக்க வாரப் பத்திரிகை காலியர்ஸின் 1952 அக்டோபர் 18, 25 தேதி இதழ்களில் ராக்கெட் பொறியாளர் வெர்னர் ஃபான் பிரவுன் விவரித்த, திட்டமாகவே நின்றுபோன நிலாக் கப்பல்களை ஸ்கிராட்ச் பில்ட் (கிட் இல்லாமல் கையாலேயே கட்டுவது) செய்ய நினைக்கிறவர்களுக்காக இந்த இழை. முதலில் அளவுகள்.

உயரம் 160 அடி, அகலம் சுமார் 110 அடி. அடியில் 30 ராக்கெட் எஞ்சின்கள். உச்சியில் ஆட்கள் இருக்கும் கோளம், அதற்குள் 5 தளங்கள். கோளத்துக்குக் கீழே வட்டத் தடத்தில் சுற்றும் 2 நீண்ட கைகள்: ஒன்றில் ரேடியோ ஆன்டெனா, இன்னொன்றில் சூரியக் கண்ணாடி. இடையில் திறந்த கம்பிச் சட்டகமும் கோளத் தொட்டிகளும். மொத்தம் 3 கப்பல், 50 ஆள். இரண்டு கப்பல் போய்த் திரும்பும். மூன்றாவது சரக்குக் கப்பல், போவதோடு சரி. அதன் நடுவில் 75 அடி நீளமும் 36 அடி விட்டமும் உள்ள உருளை, அதில் 285 டன் சரக்கு.

மி.மீ. கணக்கு:

1/72: உயரம் 677, அகலம் 466. மேசையை அடைத்துவிடும்.
1/144: 339, 233. சரக்கு உருளை 159 × 76.
1/250: 195, 134. உருளை 91 × 44.

1/250-தான் என் தேர்வு. காரணம் எளிது, டேபிள் டென்னிஸ் பந்து. இப்போதைய பந்து 40 மி.மீ., இந்த அளவில் அது 10 மீட்டர். உச்சிக் கோளத்தில் 5 தளம், தளத்துக்கு 2 மீட்டர் என்று வைத்தாலே 10 மீட்டர் வந்துவிடுகிறது. பெரிய தொட்டிகளுக்கும் அதே பந்து பொருந்தும்.

வெட்ட ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: எந்த நேரத்துக் கப்பல்? சுற்றுப்பாதையில் புறப்படத் தயாராக நிற்பதா, பாதி வழியில் போவதா, நிலாவில் இறங்கி நிற்பதா? மூன்றும் வேறு வேறு உருவம். பாதி மாடல்கள் கெட்டுப்போவது இதைக் கேட்காமல் ஆரம்பிப்பதால்தான்.

#2 நிலாமுற்றம்

அண்ணே, ஒரே கப்பல்தானே? எப்படி மூணு உருவம் வரும்? கைகள் மடங்கும், கால் விரியும். அதுக்கு மேல என்ன மாறுது?

#3 கம்பிவேலை

தம்பி, கையும் காலும் சின்ன விஷயம். புறப்பாட்டுக்கு எரிபொருள் கொடுத்த பெரிய தொட்டிகள் காலியானதும் கழன்று போய்விடும். நிலாவில் நிற்கும் கப்பலில் அவை இருக்கவே கூடாது. கைகளைப் பொறுத்தவரை, புறப்படும்போதும் இறங்கும்போதும் உடம்போடு ஒட்டி மடித்திருக்கும், நடுவழியில் விரித்திருக்கும். கால்களை விரித்து, கைகளையும் விரித்து, பெரிய தொட்டிகளையும் மாட்டி வைத்த மாடல் எந்த நேரத்துக் கப்பலும் இல்லை.

#4 ராக்கெட்கணக்கு

தொட்டி விஷயத்தைக் கணக்கிலேயே காட்டிவிடலாம். படத்தைப் பார்த்து எத்தனை பந்து என்று எண்ணுவதைவிட அது நம்பகமானது.

காலியர்ஸ் எண்கள்: புறப்படும்போது கப்பலின் எடை 4,370 டன், 30 எஞ்சினும் சேர்ந்து 470 டன் உந்துவிசை, முதல் எரிப்பு 33 நிமிடம். எரிபொருள் ஹைட்ரசீனும் நைட்ரிக் அமிலமும். வெளியேற்ற வேகத்தை, அதாவது எஞ்சினிலிருந்து வாயு பாயும் வேகத்தை, விநாடிக்கு 2.9 கி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அந்த ஜோடிக்கு நியாயமான எண்தான்.

470 டன் உந்துவிசைக்கு விநாடிக்குச் சுமார் 1.59 டன் எரிய வேண்டும். 33 நிமிடம் என்றால் 1,980 விநாடி. ஆக 3,150 டன். 4,370-ல் அது போனால் மிச்சம் 1,220 டன். கப்பலின் எடையில் முக்கால்வாசிக்கு அருகில் முதல் அரை மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

அது எவ்வளவு இடம் பிடிக்கும்? இங்கே ஒரு பொறி. அது அமெரிக்க டன், 907 கிலோ. 3,150 அமெரிக்க டன் என்பது நம் கணக்கில் 2,857 டன். இரண்டு திரவமும் கலந்த சராசரி அடர்த்தி சுமார் 1.27. கன அளவு 2,250 கன மீட்டர். நாலு கோளத்தில் பிரித்தால் ஒவ்வொன்றும் 562 கன மீட்டர், விட்டம் 10.2 மீட்டர். 1/250-ல் 41 மி.மீ.

கம்பிவேலை சார், உங்கள் பந்து கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆட்டப் பந்தில் '40+' என்று அச்சடித்திருப்பார்கள், உண்மை விட்டம் 40-லிருந்து 40.6 வரை இருக்கும். இன்னும் நெருக்கம்.

#5 அறுகோணம்

கணக்கு அழகு. ஆனால் 0.1 ஜி முடுக்கத்தில் புறப்படுவது வீண் இல்லையா? 33 நிமிடம் எரித்துக்கொண்டே இருந்தால் ஈர்ப்பு இழப்பு (பூமியின் இழுப்போடு போராடுவதிலேயே வீணாகும் உந்துதல்) தின்றுவிடுமே?

#6 ராக்கெட்கணக்கு

தின்னத்தான் செய்யும். புறப்படும் இடம் 1,075 மைல் உயரச் சுற்றுப்பாதை, 1,730 கி.மீ. அங்கே சுற்று வேகம் விநாடிக்கு 7.0 கி.மீ. நிலாவுக்குப் போக 9.8 வேண்டும். ஒரே உதையில் கொடுத்தால் 2.8 போதும். ஆனால் 4,370-ஐ 1,220 ஆக்கும் எரிப்பு கொடுப்பது 2.9 × இயல் மடக்கை(3.58), அதாவது 3.7. வித்தியாசம் 0.9 கி.மீ., அதுதான் மெதுவாகப் புறப்படுவதற்கான அபராதம். சுற்று நேரம் 2 மணி, எரிப்பு 33 நிமிடம். கால் வட்டத்துக்கு மேல் எரித்துக்கொண்டே போகிறது.

ஏன் பெரிய எஞ்சின் வைக்கவில்லை? 470-ஐ 30-ஆல் வகுத்தால் ஓர் எஞ்சினுக்கு 15.7 அமெரிக்க டன், நம் கணக்கில் 14 டன். ஜெர்மன் வி-2 ராக்கெட்டின் எஞ்சின் தரையில் 25 டன் தள்ளியது. அதைவிடச் சிறிய எஞ்சின் போதும் என்று எழுதியிருக்கிறார் மனிதர். 1952-ல் இல்லாத எஞ்சினைக் கற்பனை செய்யாமல் கையில் இருக்கும் வகையை 30 முறை அடுக்கியிருக்கிறார். விசித்திரமாகத் தெரிவது கப்பலின் உருவம் மட்டும்தான், பாகங்கள் எல்லாம் அடக்கமானவை.

மிச்சக் கணக்கும் பாருங்கள். 1,220 டன்னோடு நிலாவை நெருங்குகிறது. நேராக இறங்க விநாடிக்கு 2.7 கி.மீ. அளவுக்கு வேகத்தைக் கொல்ல வேண்டும். இறங்கி நிற்கும்போது 480 டன். சரக்குக் கப்பல் என்றால் அதில் 285 சரக்கு, மிச்சம் 195 கப்பல். சரியாக உட்காருகிறது. பயணிகள் கப்பல் அதே 480-லிருந்து கிளம்ப 2.6, பழைய சுற்றுப்பாதையில் நிற்க 2.8. கடைசியில் கைக்கு வருவது 75 டன். 4,370 போய் 75 வருகிறது! தொட்டியைக் கழற்றி எறிவது இங்கே கட்டாயம்.

மாடலுக்கு வேண்டியது: நிலாவில் நிற்கும் சரக்குக் கப்பலில் பெரிய பந்து கிடையாது, உருளை உண்டு. புறப்படும் பயணிகள் கப்பலில் பெரிய பந்து 4, உருளை கிடையாது.

#7 நிலாமுற்றம்

சரி, இறங்கி நிக்கிற சரக்குக் கப்பல்தான் எனக்கு. உருளை 44 மி.மீ. விட்டம் எதுல செய்றது? 44-ல எந்தக் குழாயும் கிடைக்கல.

#8 பட்டிதாள்

40 மி.மீ. வெளிவிட்ட பி.வி.சி. குழாய் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். அதுமேல 1 மி.மீ. ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தாளை ரெண்டு சுத்து சுத்துங்க. 40 + 4 = 44. முடிஞ்சது.

சுத்தும்போது கவனிக்க வேண்டியது:

1 மி.மீ. தாளை அப்படியே வளைச்சா வெள்ளை வெள்ளையா கோடு விழும், சில சமயம் விரியும். 0.5 மி.மீ. தாள் நாலு சுத்து நல்லது. ஒவ்வொரு சுத்தோட இணைப்பையும் எதிரெதிர்ப் பக்கத்துல வைங்க, ஒரே இடத்துல வச்சா திண்டு தெரியும்.

பி.வி.சி.யும் ஸ்டைரீனும் திரவ பிளாஸ்டிக் பசைல நம்பகமா ஒட்டாது. முதல் சுத்தை மட்டும் அரால்டைட்ல (எப்பாக்சி பசை) ஒட்டுங்க. குழாய் பளபளப்பா இருக்கும், 120 நம்பர் உப்புத்தாள்ல நல்லா கீறிட்டு ஒட்டணும். கீறாம ஒட்டினா ரெண்டு மாசத்துல மேலுறை கழன்டு சுத்தும்.

அடுத்த மூணு சுத்துக்கும் திரவப் பசை ஓகே. ஆனா தாளுக்கு நடுவுல பசையை நிரப்பி மூடிடாதீங்க. கரைப்பான் ஆவியாக வழி இல்லாம உள்ளயே நின்னு, ஒரு வாரம் கழிச்சு மேல் தாள் குழி விழும். ஓரங்கள்ல மட்டும் தொட்டு விடுங்க, ரெண்டு நாள் காய விடுங்க.

நீளம் 91. குழாயை அறுக்கும்போது ஒரு காகிதப் பட்டையைச் சுத்தி ஓரம் சேருதான்னு பாத்துட்டு அந்தக் கோட்டுல அறுங்க. ரம்பம் நேரா போச்சுன்னு கண்ணை நம்பாதீங்க.

இன்னொண்ணு. அந்த உருளையை நிலாவுல இறக்கி, நீளவாட்டுல ரெண்டா பிளந்து, கவுத்துப் போட்டு குடில் ஆக்குறதுதான் திட்டம். அதனால நீளவாட்டுல எதிரெதிரா ரெண்டு பிளவுக்கோடு கீறி விடுங்க. அந்த ரெண்டு கோடு இல்லேன்னா அது வெறும் டப்பா. தெரிஞ்சவன் பாத்தா முதல்ல அங்கதான் கண்ணு போகும்.

#9 கம்பிவேலை

பட்டிதாள் சொன்னதோடு பந்து வேலையையும் சேர்த்துவிடுகிறேன்.

பந்தில் இரண்டு வகை. பழையது செல்லுலாய்டு. 2014-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் வேறு பிளாஸ்டிக், பலவும் ஏ.பி.எஸ். கண்டுபிடிக்க, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. அது வேண்டாம். அசிட்டோன் கலந்த தின்னர் பட்டால் மேல்தோல் கரைந்து சுருங்கும். நெருப்பு பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் எரிந்துவிடும். சால்டரிங் இரும்பு இருக்கும் மேசையில் அதற்கு இடமே கிடையாது.

ஏ.பி.எஸ். பந்து:

1. அச்சடித்த எழுத்தை 400 நம்பர் தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுக்கவும். மை போனாலும் போதாது, அதன் மேடும் போக வேண்டும். ஏர்பிரஷ் அடித்த பிறகு மேடு கண்ணுக்குத் தெரியும்.

2. நடு இணைப்புக் கோடு இருந்தால் பட்டி போட்டு 600-ல் தேய்க்கவும். அந்தக் கோட்டையே குறிப்புக் கோடாகவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு நேர் செங்குத்தில் இரண்டு துருவம் குறித்து 2 மி.மீ. துளை.

3. பந்தை ஒரு பக்கம் மட்டும் பசை வைத்து ஒட்டாதீர்கள். சுவர் மெல்லியது, தொட்டால் குழியும், ஒட்டிய இடம் பிய்ந்து வரும். இரண்டு துருவத்திலும் துளையிட்டு 2 மி.மீ. பித்தளைக் கம்பியை ஊடுருவ விட்டு, இரு முனையிலும் அரால்டைட். சட்டகம் பிடிப்பது கம்பியை, பந்தை அல்ல.

4. கீழ்ப்பக்கம் கண்ணுக்குப் படாத இடத்தில் 0.8 மி.மீ. மூச்சுத் துளை ஒன்று. இல்லையென்றால் சித்திரை வெயிலில் உள்ளே காற்று விரிந்து, பட்டி பார்த்த கோட்டில் பெயின்ட் முடி போல வெடிக்கும்.

#10 நிலாமுற்றம்

சட்டகத்துக்குப் பித்தளை அவசியமா? 1 மி.மீ. ஸ்டைரீன் குச்சி மலிவு, வெட்டவும் சுலபம்.

#11 பட்டிதாள்

என் ஓட்டு ஸ்டைரீனுக்கு. தப்பாப் போனா உடைச்சுட்டு மறுபடி ஒட்டலாம், கை சுடாது.

#12 கம்பிவேலை

புறப்படும் கப்பலுக்கு ஸ்டைரீன் ஓடும். அது ஸ்டாண்டில் நிற்கிறது, பந்தும் எடை இல்லை, ஒன்று 2.7 கிராம்தான். இறங்கி நிற்கும் சரக்குக் கப்பல் வேறு விஷயம். பி.வி.சி. உருளையின் எடை மொத்தமும் சட்டகம் வழியாகக் கால்களுக்கு வருகிறது. ஸ்டைரீன் குச்சி இன்று தாங்கும், ஆறு மாதத்தில் கால் மெதுவாக விரிந்து கப்பல் சாயும். வெயில் படும் அலமாரி என்றால் இன்னும் சீக்கிரம்.

ஸ்டைரீனில் இன்னொரு குறை தடிமன். 1 மி.மீ. குச்சி இந்த அளவில் 25 செ.மீ. தூண். காற்றே இல்லாத இடத்துக்குக் கட்டிய சட்டகம் மெலிந்து தெரிய வேண்டும். முக்கியத் தூண்களுக்கு 0.8 மி.மீ. பித்தளை, குறுக்குக் கம்பிகளுக்கு 0.5. இதில் வேறு பேச்சே இல்லை என்பேன்.

வேலை முறை:

வரைபடத்தை உண்மை அளவில் அச்செடுத்துப் பழைய தரை ஓடு ஒன்றின் மேல் ஒட்டுங்கள். பலகை வேண்டாம், சூட்டில் கருகிக் காகிதம் நகரும். ஒரு பக்கச் சட்டத்தைத் தட்டையாகச் செய்யுங்கள். நாலு பக்கமும் நாலு தட்டைச் சட்டங்களாகச் செய்த பிறகுதான் பெட்டியாக நிறுத்த வேண்டும்.

கம்பியை 400 நம்பர் தாளில் இழுத்துப் பளபளப்பாக்கிவிட்டு, உடனே ஈயம் வையுங்கள். மறுநாள் வரை வைத்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். 25 வாட் இரும்பு போதும். இணைப்புக்கு 2 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

எல்லாருக்கும் நடக்கும் கோளாறு: மூன்றாவது இணைப்பைச் சூடாக்கும்போது முதல் இணைப்பு கழன்று விழும். பித்தளை சூட்டைக் கடத்திக்கொண்டே போகும். முடிந்த இணைப்புகள் மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். ஓரமாக ஆரம்பித்து வரிசையாகப் போகாமல், ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாற்றி மாற்றிப் போங்கள். வளைசலும் குறையும்.

ஈயம் பிடிக்க அமில ஃபிளக்ஸ் தடவியிருந்தால் அன்றைக்கே வெந்நீரில் சமையல் சோடா கலந்து பல் துலக்கும் பிரஷால் கழுவவும். கழுவாமல் பெயின்ட் அடித்த சட்டகத்தில் சில மாதத்தில் இணைப்புக்கு இணைப்பு பச்சைக் களிம்பு கிளம்பி பெயின்ட்டைத் தள்ளும். பிறகு பிரித்துத்தான் கழுவ முடியும்.

சால்டரிங் முழுக்க முடிந்து, கழுவி, காய்ந்த பிறகுதான் பந்துகளை மேசைக்குக் கொண்டு வரவும்.

#13 பட்டிதாள்

சாயுற விஷயத்தை யோசிக்கல. ஒத்துக்குறேன். உருளையோட எடையைக் குறைக்க இன்னொரு வழி: பி.வி.சி.யை அச்சா மட்டும் வச்சு, அதுமேல பாலித்தீன் சுத்திட்டு ஸ்டைரீன் நாலு சுத்து ஒட்டி, காஞ்சதும் உருவி எடுத்துடுங்க. உள்ளே 5 மி.மீ. இடைவெளில வட்டத் தட்டுகள் வேண்டாம், மேலே, நடுவுல, கீழே மூணு போதும்.

#14 அறுகோணம்

தலைப்பு 1952 என்றாலும் இதையும் இங்கேயே சேர்க்கிறேன். கம்பிச் சட்டகம் பயமாக இருக்கிறவர்கள் பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டியின் 1939 கப்பலைப் பாருங்கள். சால்டரிங்கே கிடையாது.

எச். ஈ. ராஸ், ஆர். ஏ. ஸ்மித், ஜே. ஹாப்பியன் எட்வர்ட்ஸ், ஆர்தர் ஜான்சர் இவர்களெல்லாம் சேர்ந்து போட்ட திட்டம். ஆர்தர் சி. கிளார்க்கும் அந்தக் குழுவில் இருந்தார். 1939 ஜனவரியில் சங்கத்தின் இதழில் வெளியானது. உயரம் 105 அடி, விட்டம் சுமார் 20 அடி, எடை ஆயிரம் டன் அளவு, ஆள் 3. அறுகோணத் தூண் மாதிரி உடம்பு, உச்சியில் மழுங்கிய பீங்கான் மூடி.

அதில் திரவ எரிபொருள் பிரதானம் இல்லை. திட எரிபொருள் நிரப்பிய குழாய்கள், தேன்கூடு மாதிரி அடுக்கியவை. 6 படிகள். கீழே உள்ள 5 படிகளில் படிக்கு 168 குழாய். ஆறாவதில் 450 நடுத்தரக் குழாய், 1,200 சிறிய குழாய். கூட்டினால் 2,490.

எதற்கு இத்தனை? எரிந்து முடிந்த குழாய் தானாகக் கழன்று விழுந்துவிடும். காலிக் குழாயைச் சுமக்க வேண்டாம். காலியர்ஸ் கப்பல் நாலு தொட்டியை எறிந்து செய்வதை இவர்கள் 13 ஆண்டு முன்னாலேயே நூற்றுக்கணக்கான குழாயை எறிந்து செய்யப் பார்த்தார்கள்.

#15 நிலாமுற்றம்

2,490 குழாயா? சுலபம்னு சொல்லிட்டு இப்படி மாட்டி விடுறீங்களே.

#16 அறுகோணம்

வெளியே தெரிவது அடிப்பக்கம் மட்டும். வேண்டியது 168.

அந்த 168-ல் ஓர் அழகு இருக்கிறது. பக்கத்துக்கு 8 வைத்து அறுகோணமாக அடுக்கினால் 169 வரும். வரிசைகள் 8, 9, 10 என்று ஏறி 15-ஐத் தொட்டு மறுபடி 8-க்கு இறங்கும். நடுவில் ஒன்றை எடுத்தால் 168. அடுக்கும்போது நடு இடத்தில் 2.4 மி.மீ. கம்பியை நட்டுக்கொள்ளுங்கள், அதுவே ஸ்டாண்டுக்குப் பிடியும் ஆகிவிடும்.

அளவை முதலில் முடிவு செய்யாதீர்கள். கிடைக்கும் குழாய்தான் அளவைத் தீர்மானிக்கும். 1/144 வேண்டும் என்றால் 2.6 மி.மீ. குழாய் வேண்டும், கடையில் தேடி அலுத்துப் போவீர்கள். 2.4 மி.மீ. ஸ்டைரீன் குழாய் சுலபமாகக் கிடைக்கும். மூலைக்கு மூலை உள்ளளவு 36.4, சுவர் 1 மி.மீ. சேர்த்தால் வெளியளவு 38.7. அது 1/158. உயரம் 203 மி.மீ. யார் கேட்கப் போகிறார்கள்?

துண்டு ஒன்றுக்கு 8 மி.மீ. நீளம். 35 செ.மீ. குழாயில் ரம்ப வெட்டு போக 38 தேறும். 5 குழாய் வாங்குங்கள். கத்தியை உருட்டி அறுத்தால் வாய் நசுங்கும், 168 நசுங்கிய வாயும் கீழே வரிசையாகத் தெரியும். மெல்லிய ரம்பமும் நிறுத்துக்கட்டை வைத்த பெட்டியும் வேண்டும். அறுத்த பிசிறை 2 மி.மீ. துளையூசியைக் கையால் சுற்றி எடுங்கள்.

உடம்புக்கு 6 பட்டைகள், 1 மி.மீ. தாளில், வெளிப்பக்க அகலம் 19.3. ஓரங்களை 30 டிகிரி சாய்த்துச் சீவ வேண்டும். சீவாமல் ஒட்டினால் மூலையில் பள்ளம் விழும், பட்டி போட்டே தீர்ந்துபோவீர்கள். 6 பட்டையையும் சேர்த்து ஒட்டுவதற்குப் பதில் மூன்று மூன்றாக இரண்டு பாதி செய்து, குழாய்க் கட்டை நடுவில் வைத்து மூடுங்கள். கடைசிப் பட்டை உள்ளே போகாது என்ற தொல்லை வராது.

பீங்கான் மூடிக்குப் பால்சா கட்டையை டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளால் உருட்டுங்கள். மூன்று முறை சீலர் அடித்துத் தேய்த்தால்தான் மர இழை மறையும்.

#17 ராக்கெட்கணக்கு

அந்தக் கப்பலில் எனக்குப் பிடித்தது கோலோஸ்டாட். செயற்கை ஈர்ப்புக்காகக் கப்பலைச் சுழற்றுகிறார்கள். சுழலும் கப்பலிலிருந்து வானத்தைப் பார்த்தால் நட்சத்திரம் எல்லாம் கோடாக இழுபடும், திசை பார்க்க முடியாது. சுழலும் கண்ணாடிகளையும் நிலைக் கண்ணாடிகளையும் சேர்த்துப் பார்வையை நிறுத்தும் கருவி அது. காகிதத்தோடு விடாமல் செய்தும் பார்த்தார்கள்.

1949-ல் ராஸ் வெளியிட்ட கட்டுரையில் இன்னொரு பெரிய மாற்றம்: திரும்பும் பயணத்துக்கான எரிபொருளை நிலாவைச் சுற்றும் பாதையிலேயே விட்டுவிட்டு இறங்குவது. அது என்ன மிச்சம் பிடிக்கும் என்று #6 கணக்கிலேயே பார்க்கலாம். பூமிக்குத் திரும்பி நிற்க வேண்டிய எரிபொருளை நிலாத் தரை வரை இறக்கி, மறுபடி தூக்குகிறது காலியர்ஸ் கப்பல். 75 டன் கைக்கு வர 480 டன் தரையில் நிற்பது அதனால்தான். 1962 ஜூலையில் அப்போலோவுக்கு நாசா அறிவித்த முறையும் இதே வழிதான், நிலாச் சுற்றுப்பாதைச் சந்திப்பு. அதில் இறங்கியது 15 டன் வண்டி.

#18 பட்டிதாள்

அந்த 15 டன் வண்டியும் முதல்ல வேற உருவம்தான். 1962-ல அந்த வண்டியைக் கட்டின கிரம்மன் கம்பெனி கொடுத்த மாடல்ல 5 கால், பெரிய வளைஞ்ச ஜன்னல், உட்கார நாற்காலி. நாற்காலியை எடுத்து ஆளை நிக்க வச்சதும் முகம் கண்ணாடிக்குக் கிட்ட வந்துருச்சு, ஜன்னல் சின்ன முக்கோணமா சுருங்கிருச்சு. கால் நாலாச்சு. வட்டக் கதவு சதுரமாச்சு, முதுகுப் பையோட வட்டத்துல நுழைய கஷ்டம். முழு அளவு மர மாடல்லயும் அடுத்து 1964 அக்டோபர்ல பரிசோதிச்ச உலோக மாடல்லயும் ஏறி இறங்கிப் பாத்துதான் பல விஷயம் மாறிச்சு. 1962 உருவத்தைக் கட்ட நினைக்கிறவங்க பிந்தைய கிட்டுல இருந்து காலை எடுத்து மாட்டாதீங்க, இடைவெளிக் கோணமே வேற. 72 டிகிரி, 90 இல்ல.

#19 நெறியாளர்

நிலா வண்டி விவாதத்துக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே 1952-க்குத் திரும்புவோம்.

#20 நிலாமுற்றம்

திரும்பிட்டேன். மூணு கேள்வி. 30 எஞ்சின் வாய்க்கு என்ன பண்றது? சூரியக் கண்ணாடி கிண்ணமா, தகடா? தரை எப்படி?

#21 கம்பிவேலை

எஞ்சின் வாய்: ஜெல் பேனா ரீஃபிலின் உலோக முனை. பந்து இருக்கும் கூர்ப்பக்கம் தட்டுக்குள் போகட்டும், அகன்ற பின்பக்கம் வெளியே தெரியட்டும். 30-ம் ஒரே கம்பெனியின் ஒரே ரகமாக இருக்க வேண்டும், கலந்தால் உயரம் மாறும். மையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுக்கவும், மிச்சம் இருந்தால் பெயின்ட் வழியாக நீலம் கசியும். ஆய்வகத்தில் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பிப்பெட் முனை உருவத்தில் இன்னும் பொருத்தம், ஆனால் அது பாலிபுரோப்பிலீன். பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் உரியும். ஆசைப்படாதீர்கள். குறிப்புப் படத்தில் உள்ள அடுக்கை நகலெடுத்து அடித்தட்டில் ஒட்டி, அந்தக் காகிதத்தின் மேலேயே ஊசியால் குத்திவிட்டுத் துளையிடுங்கள்.

சூரியக் கண்ணாடி: வளைந்த பளபளப்புத் தகடு, அதன் குவியத்தில் பாதரசம் ஓடும் குழாய். பாதரச ஆவி டர்பைனைச் சுழற்றி 35 கிலோவாட் கொடுக்கும் என்பது திட்டம். 0.25 மி.மீ. ஸ்டைரீனைக் கண்ணாடிப் பாட்டிலில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வெந்நீரில் ஒரு நிமிடம், பிறகு குளிர்ந்த நீர். கொதிக்கிற நீர் வேண்டாம், தாள் தொய்ந்துவிடும். மேலே சமையல் அலுமினியத் தாளின் பளபளப்புப் பக்கம். குவியத்தில் 0.5 மி.மீ. பித்தளைக் கம்பி. உங்களுடையது இறங்கி நிற்கும் கப்பல். இறங்கும்போது மடித்த கைகளை இறங்கிய பிறகு விரிப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். விரித்தால் ஆட்கள் வேலை செய்யும் காட்சியாகத் தரையை அமைக்கவும்.

#22 பட்டிதாள்

தரை: இறங்கும் இடம் சைனஸ் ரோரிஸ், பனித்துளி விரிகுடான்னு அர்த்தம். பேரு விரிகுடா, நிஜத்துல எரிமலைக் குழம்பு உறைஞ்ச சமவெளி. விண்வெளி ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் காலத்து ஓவியங்கள்ல மலையெல்லாம் கத்தி மாதிரி குத்தி நிக்கும். நிலாவுல மலை அப்படி இல்ல, கோடிக்கணக்கான வருஷமா விண்கல் தூள் அடிச்சு அடிச்சு மழுங்கிப் போன மேடு. கப்பல் 1952-னா தரையும் 1952-ஆ இருக்கட்டும்ங்கிறது என் பக்கம். மழுங்கின மேட்டுல இந்தக் கப்பலை நிறுத்தினா ரெண்டும் வேற வேற காலத்துல நிக்கும்.

கீழே 18 மி.மீ. பிளைவுட், மேல ஒரு அங்குலத் தெர்மாகோல், அதுமேல சுவர்ப் பட்டியைத் தண்ணி கம்மியா குழைச்சுப் பூசுங்க. முழு ஈரத்துல பள்ளம் குத்தாதீங்க, ஓரம் சரிஞ்சுரும். இருபது நிமிஷம் இறுகவிட்டு, பல அளவுல கோலிக்குண்டை அழுத்தி எடுங்க. பெரிய பள்ளம் முதல்ல, சின்னது கடைசி, அப்பதான் சின்னது பெரியதோட ஓரத்தை வெட்டும். தூசிக்கு சாம்பல் நிற டைல் கிரவுட் பவுடரை டீ வடிகட்டில சலிச்சுத் தூவி, பத்துப் பங்கு தண்ணிக்கு ஒரு பங்குன்னு கலந்த வெள்ளைப் பசையை ஸ்பிரே பண்ணுங்க. சிமெண்ட் வேண்டாம், ஈரம் பட்டா திட்டுத் திட்டா கருக்கும்.

ஆள் உயரம் இந்த அளவுல 7 மி.மீ. கட்டட மாதிரிக்கு விக்கிற 1/250 பொம்மை வாங்கி, தலைல ஒரு சொட்டுக் கெட்டிப் பசை வச்சா ஹெல்மெட் ஆயிரும். கோட்டு, பேக் வச்ச பொம்மையை விட்டுருங்க, கத்தியால சீவி மாளாது.

போட்டோ எடுக்கிறப்ப ஒரே விளக்கு, பக்கவாட்டுல, தாழ்வா. ரெண்டாவது விளக்கு வேண்டாம், வெள்ளைச் சுவர் பக்கத்துல இருந்தா கறுப்புத் துணி போட்டு மறைங்க. நிழலுக்குள்ள வெளிச்சம் புகுந்தா நிலா போய் மேசை வந்துரும்.

#23 நிலாமுற்றம்

குறிச்சுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு, பெயின்ட் அடிச்சுட்டு பந்தை மாட்டுறதா, மாட்டிட்டு அடிக்கிறதா?

#24 கம்பிவேலை

அடித்துவிட்டு மாட்டுங்கள். பந்தைத் துருவக் கம்பியோடு ஒரு தெர்மாகோல் துண்டில் குத்தி நிறுத்தி, சுற்றிச் சுற்றி அடிக்கலாம். மாட்டிய பிறகு அடித்தால் கம்பிக்குப் பின்னால் நிழலாகப் பெயின்ட் படாமல் நிற்கும், அங்கே எட்ட முயன்றால் முன்பக்கம் வழியும். கம்பி முனையில் 5 மி.மீ. தூரம் மட்டும் மாஸ்கிங் டேப் சுற்றி வையுங்கள், அரால்டைட் பெயின்ட் மேல் பிடிக்காது. மாட்டும்போது அரால்டைட்தான், ஃபெவிகுவிக் வேண்டாம். அதன் ஆவி பக்கத்துப் பந்தில் வெள்ளைப் புகையாகப் படியும், துடைத்தாலும் போகாது.